கற்காலத்தில் ஏது பட்டர் டீ?

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன் ஆறு மாதமாகப் பேலியோ டயட்டில் இருக்கிறான். காலையில் பட்டர் டீ, நூறு பாதாம், மதியம் காலிஃபிளவர் சோறு, ராத்திரி கறி. எடை குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ‘நம் உடம்பு கற்காலத்தில் உருவானது, சோறும் இட்லியும் அதற்கு ஒத்துக்கொள்ளாது’ என்கிறான். பைக்கில் ஜிம்முக்குப் போய் ‘ஆதிமனிதன் பயிற்சி’ வேறு. இப்போது சர்க்கரை வியாதி உள்ள அவன் அப்பாவையும் இதில் இறக்கி, வெறுங்காலில் நடக்கவிட்டிருக்கிறான். ஒரே வீட்டில் மூன்று சமையல் செய்கிறேன். அவன் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அப்பாவைக் கவனியுங்கள் அம்மா, பிள்ளை காத்திருக்கலாம். அவருடைய மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். கிளிமிபிரைடு இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ, சோற்றைச் சட்டென்று நிறுத்தினால் சர்க்கரை மளமளவென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்றிருந்தால் ஆபத்து வேறு மாதிரி: மாவுச்சத்து மிகவும் குறையும்போது ரத்தத்தில் அமிலம் ஏறலாம், அப்போதும் வீட்டுக் கருவி சர்க்கரை அளவைச் சாதாரணமாகவே காட்டக்கூடும். சாப்பாட்டை மாற்றினால் மருந்தையும் கூடவே மாற்ற வேண்டும். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும், வாட்ஸ்அப் குழு அல்ல. வெறுங்கால் நடையை இன்றே நிறுத்துங்கள். பல வருடச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். கண்ணாடிச் சில்லு ஏறினால்கூடத் தெரியாமல் போய், புண்ணான பிறகுதான் தெரியும்.

இனி தம்பி விஷயம். கற்காலத்தைத் தேடி அவர் இணையம்வரை போயிருக்க வேண்டாம். எண்ணூரில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் மேல்பக்கம் பூண்டிக்கு அருகில்தான் அத்திரம்பாக்கம். 1863-இல் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு 2011-இல் சொன்னது. நம் மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். இத்தனை நீண்ட காலத்தில், பனியிலும் பாலையிலும் கடற்கரையிலும் வாழ்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பந்தியிலா உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? கிடைத்ததைத் தின்றார்கள். அதில் கிழங்கும் உண்டு, புல்விதையும் உண்டு. ஜோர்டானில் 14,400 ஆண்டு பழைய அடுப்பு ஒன்றில் ரொட்டித் துணுக்கு கிடைத்திருக்கிறது. அங்கே விவசாயம் தொடங்க இன்னும் 4,000 வருடம் இருந்தது!

தம்பியின் தட்டில்தான் கற்காலத்தைக் காணோம். வெண்ணெய், மனிதன் மாடு வளர்த்த பிறகு வந்தது. காலிஃபிளவர், விவசாயி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தது. காட்டு பாதாம் கசக்கும், கடித்தால் சயனைடு. கசக்காத மரமாகப் பார்த்து நட்டவனும் அதே விவசாயிதான். அவன் விளைவித்த நெல் மட்டும் ஆகாதாம்.

பொலிவியாக் காட்டில் சிமானே என்று ஒரு மக்கள். இதுவரை ஆராய்ந்தவர்களிலேயே இதய ரத்தக்குழாய் அடைப்பு மிகக் குறைவாக இருப்பது இவர்களுக்குத்தான் என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. அவர்கள் சாப்பாட்டில் 72 விழுக்காடு மாவுச்சத்து: அரிசி, வாழைக்காய், மரவள்ளி, சோளம். ஆமாம், அரிசிதான். ஆனால் பகலில் பெரும்பொழுது வேட்டை, மீன்பிடி, வயல் என்று உடம்பு ஓயாது.

அப்படியென்றால் தம்பிக்கு எடை எப்படிக் குறைந்தது? கூல்டிரிங்க்ஸ், பரோட்டா, ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ எல்லாம் நின்றிருக்கும். முட்டையும் கறியும் பசியைத் தாங்கியிருக்கும். அது நல்லதுதான். நம் நாட்டில் சாப்பாட்டின் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது, பெரும்பாலும் வெள்ளை அரிசி, அரைத்த தானியம், சர்க்கரை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு. சோற்றைக் குறைக்கச் சொன்னதில் பிள்ளை பாதி சரி. அதற்குக் கற்காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டதுதான் தவறு.

பரிணாமத்தைச் சாட்சிக்குக் கூப்பிடக்கூடிய இடம் ஒன்று உண்டு: உடலுழைப்பு. அங்கேதான் தம்பி பைக்கில் போகிறார். தான்சானியாவில் இன்றும் வேட்டையாடி வாழும் ஹாட்சா மக்கள் வேர்க்க விறுவிறுக்க நடமாடுவது தினம் 2 மணி நேரத்துக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் நம்மிடம் கேட்பது வாரத்துக்கே 150 நிமிடம். ஹாட்சாக்களும் தினம் பத்து மணி நேரம்போல ஓய்வாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அதில் நிறைய நேரம் குத்துக்காலிட்டு, முட்டிபோட்டு, கால் தசைக்கு வேலை கொடுத்தபடி. சுழல் நாற்காலியில் இல்லை. தம்பி ஜிம்முக்கு நடந்து போகட்டும், மெட்ரோ ஸ்டேஷனில் எஸ்கலேட்டரை விட்டுப் படியேறட்டும். அதற்குச் சந்தா கிடையாது.

மூன்று சமையல் வேண்டாம். ஒரே சமையல் போதும்: சோறு வழக்கத்தில் பாதி, பொரியலோ கீரையோ வழக்கத்தைப்போல் இரண்டு பங்கு, காசிமேட்டு மத்தியோ நெத்திலியோ குழம்பில், மீன் இல்லாத நாளில் சுண்டல். (சுண்டல் பேலியோவில் கிடையாது என்பார், கேட்டுக்கொள்ளாதீர்கள்.) காலிஃபிளவரைத் துருவித்தான் ஆக வேண்டும் என்றால் தம்பியே துருவிக்கொள்ளட்டும்.