துறைமுக நீரும் படகுக் கழிப்பறையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

படகுக் கழிப்பறைகளிலிருந்து வெளியேறும் கழிவு துறைமுக நீரில் கலப்பதைப் பற்றி வந்த கடிதங்களில் ஆறு இந்த இதழில் இடம்பெறுகின்றன. கேட்டவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்த் தங்கி, அங்கே கண்டதை வைத்துக் கேட்டிருப்பதால், பதில்களும் பெரும்பாலும் அந்நாட்டுக் கடற்கரையையே சுற்றி வருகின்றன.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: கலிஃபோர்னியாவில் என் மகனும் அவன் நண்பர்களும் வாடகைக்கு எடுத்த பாய்மரப் படகில் கேட்டலினா தீவுக்குப் போனோம். ஆவலான் துறைமுகத்தில் படகைக் கட்டியவுடன் துறைமுகக் காவலர் ஒருவர் ஏறி வந்து, எங்கள் கழிப்பறைக்குள் ஒரு மாத்திரையைப் போட்டுப் பம்பை அடிக்கச் சொன்னார். பிறகு படகின் வெளிப்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது சற்று அவமானமாகவே இருந்தது. அது என்ன மாத்திரை?

பதில்: அது சாய மாத்திரை அம்மா. கடல்நீரில் பட்டால் கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் பரவும். படகின் கழிப்பறையில் கைப்பம்பை அடிக்கும்போது, கழிவு ஒன்று படகுக்குள் இருக்கும் சேகரிப்புத் தொட்டிக்குப் போக வேண்டும். அல்லது அடித்தட்டில் உள்ள துளை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். எந்த வழியில் போகிறது என்பதைத் தீர்மானிப்பது இருக்கைக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்திருக்கும் ஒரு சிறிய இருவழி வால்வு. அதன் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வாடகைக்கு எடுத்தவருக்குத் தெரியாமல் இருப்பதும் உண்டு, சொந்தக்காரரே மறந்துவிடுவதும் உண்டு. காவலர் உங்களை விசாரிக்கவில்லை, அந்த வால்வைத்தான் விசாரித்தார். வெளியே பச்சை தெரிந்திருந்தால் அபராதத்தோடு துறைமுகத்தை விட்டும் வெளியேறச் சொல்லியிருப்பார்கள்.

இந்தச் சோதனை அங்கே 1980களின் இறுதியிலிருந்து நடந்துவருகிறது. கோடீஸ்வரரின் படகானாலும் உங்கள் வாடகைப் படகானாலும் எல்லோருக்கும் அதே மாத்திரைதான் என்பதால், அவமானப்பட ஒன்றுமில்லை. இதைவிட மலிவான, வாய்ச்சண்டைக்கு இடம் தராத சோதனையை நான் வேறு எந்தச் சுற்றுச்சூழல் சட்டத்திலும் பார்த்ததில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் (ஓய்வுபெற்ற பொறியாளர்): கழிவைப் படகிலேயே அரைத்து, கிருமி நீக்கி, அதன்பின் கடலில் விடும் கருவிகள் அரசு அங்கீகாரத்துடன் விற்கப்படுகின்றன. கடல்நீரில் மின்சாரம் செலுத்தி அதிலிருந்தே குளோரின் சேர்மத்தை உண்டாக்கிக்கொள்ளும் கருவிகள்கூட இருக்கின்றன. அப்படிச் சுத்திகரித்த நீரையும் விடக்கூடாது என்று சில துறைமுகங்கள் தடுப்பது மிகை அல்லவா?

பதில்: நீங்கள் சொல்லும் கருவிகளுக்கு உரிய சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின்படி, அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிப்பறைக் கழிவை எங்கும் விடக்கூடாது. பொருத்தப்பட்ட கழிப்பறை உள்ள படகில் மூன்று வகைக் கருவிகளுள் ஒன்று இருந்தாக வேண்டும். முதல் வகைக் கருவியிலிருந்து வெளிவரும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1,000 மலக் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களுக்கு மேல் இருக்கக்கூடாது, மிதக்கும் திடப்பொருள் கண்ணில் படக்கூடாது. இரண்டாம் வகைக்கு அந்த எண்ணிக்கை 200. மிதக்கும் நுண்துகள் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மூன்றாம் வகை எதையும் வெளியே விடாதது. பெரும்பாலும் அது வெறும் சேகரிப்புத் தொட்டிதான். 65 அடிக்கு மேற்பட்ட படகுகளில் முதல் வகை செல்லாது.

இனி அந்த 1,000 என்ற எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு எண்ணைப் பாருங்கள். சிப்பிகளை அறுவடை செய்து நேரடியாக விற்கலாம் என்று அந்நாட்டில் அனுமதிக்கப்படும் நீரில், இதே பாக்டீரியாவின் இடைநிலை அளவு 100 மில்லிலிட்டருக்கு 14ஐத் தாண்டக்கூடாது. அதாவது, சட்டப்படி ஒரு குறையும் இல்லாமல் இயங்கும் முதல் வகைக் கருவி, சிப்பிப் படுகைக்கு உரிய அளவைப்போல் எழுபது மடங்குக்கு மேல் பாக்டீரியா உள்ள நீரை வெளியேற்றலாம். திறந்த கடலில் அது கரைந்து காணாமல் போகும்; மூன்று பக்கமும் சுவர் வைத்து, ஒரே வாய் வழியாக ஓதம் ஏறி இறங்கும் ஆழமற்ற துறைமுகத்தில், கோடை விடுமுறையின் சனிக்கிழமை இரவில் நூற்றுக்கணக்கான படகுகள் நெருக்கியடித்து நிற்கும்போது, அது எங்கே போய்க் கரையும்?

மேலும், இந்தப் பாக்டீரியா மலம் கலந்திருப்பதைச் சுட்டிக்காட்டும் குறி மட்டுமே. நம்மை நோயில் தள்ளும் வைரஸ்களில் சில குளோரினுக்கு அவ்வளவு எளிதில் மடிவதில்லை. கழிவிலுள்ள நைட்ரஜனை இந்தக் கருவிகள் நீக்கிவிடுவதும் இல்லை. அது பாசிக்கு உரமாகிறது, பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்கிறது.

எனினும் உங்கள் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் தள்ளவில்லை. நல்ல கருவிக்குப் பணம் செலவழித்தவரையும், வாளியைக் கவிழ்ப்பவரையும் சட்டம் ஒரே தட்டில் நிறுத்துகிறது என்ற கோபம் அந்நாட்டுப் படகுக்காரர்களிடமும் இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: ஒரு நகரத்தின் சாக்கடையோடு ஒப்பிட்டால் நாலு படகுகளின் கழிவு எம்மாத்திரம்? ஏழையின் தலையில் கை வைப்பதுபோல், எளிதில் பிடிபடும் படகுக்காரரைப் பிடிக்கிறார்களோ என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் சந்தேகத்துக்கு ஆவலான் துறைமுகமே சான்றாக நிற்கிறது. அத்தனை மாத்திரைகள் போட்டும், அந்த ஊர்க் கடற்கரை பல ஆண்டுகள் கலிஃபோர்னியாவின் மிக மாசுபட்ட கடற்கரைகளின் வரிசையிலேயே இருந்தது. ஆய்வாளர்கள் மணலையும் நிலத்தடி நீரையும் தோண்டிப் பார்த்தபோது, குற்றவாளி கரையிலேயே இருந்தது: ஊரின் பழைய சாக்கடைக் குழாய்கள் மண்ணுக்கடியில் கசிந்து, அந்த நீர் மணல் வழியாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு குழாய்களைச் சீரமைக்க நகராட்சி கோடிக்கணக்கில் செலவிட வேண்டியிருந்தது. படகுக்காரனின் கழிப்பறைக்குள் மாத்திரை போட்ட ஊர், தன் தெருக்களுக்கடியில் அதைப் போட்டுப் பார்க்க நெடுநாள் தயங்கியிருக்கிறது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு படகுகளை விட்டுவிடலாம் என்று முடிவுகட்ட முடியாது. லூசியானாவில் 1993 நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே வேகவைக்காத சிப்பி சாப்பிட்ட 84 பேரை விசாரித்ததில் 70 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டிருந்தன. இன்று நோரோ வைரஸ் என்று அழைக்கப்படும் கிருமி அது. சிப்பிகள் வந்த படுகையோ ஊர் வாடையே இல்லாத ஒதுக்குப்புறம். பழி சுமத்த ஒரு சாக்கடைக் குழாய்கூட அருகில் இல்லை. அங்கே சிப்பி வாரிய 26 படகுகளின் ஆட்களை விசாரித்ததில், 22 படகுகளின் ஆட்கள் தங்கள் கழிவை வழக்கமாகக் கடலிலேயே கொட்டுவதாகச் சொன்னார்கள். அவர்களுள் ஒருவர், சற்று முன்னர்த் தமக்கு உடம்பு சரியில்லாமல் போனதையும், அப்போது கழிவைப் படுகைக்கு மேலேயே கொட்டியதையும் ஒப்புக்கொண்டார்; அவர் இரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் மிகுந்திருந்தன. சிப்பி தன் உணவுக்காக நாள் முழுவதும் நீரை வடிகட்டும் உயிர் என்பதால், நீரில் சிதறிக் கிடக்கும் கிருமியை அது தன் உடலில் திரட்டி வைத்துவிடுகிறது. எனவே எத்தனை படகு என்பதைவிட, எந்த இடத்தில், என்ன நாளில், எதன் மேல் என்பதே இங்கு கணக்கு.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: தடை போட்டுவிட்டால் போதுமா? கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பதில்: வந்த கடிதங்களில் இதுவே சரியான இடத்தைத் தொட்ட கேள்வி. அமெரிக்கச் சட்டத்தில் நான் மெச்சும் பகுதியும் இதற்கான விடைதான். ஒரு மாநிலம் தன் நீர்ப்பரப்பில் சுத்திகரித்த கழிவையும் சேர்த்துத் தடுக்க விரும்பினால், முதலில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில், கழிவை உறிஞ்சி எடுக்கும் நிலையங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடம் இணைக்க வேண்டும். அவை எந்த நேரத்தில் திறந்திருக்கும், அந்தத் துறையில் எவ்வளவு ஆழம், ஆழம் போதாமல் எந்தப் படகுகள் அணுக முடியாமல் போகும், அந்த நீர்ப்பரப்பில் எத்தனை படகுகள் புழங்குகின்றன, உறிஞ்சிய கழிவு பிறகு முறைப்படி சுத்திகரிக்கப்படுகிறதா என்பதையெல்லாம் எழுதிக் காட்ட வேண்டும். போதிய வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று முகமை ஏற்றுக்கொண்ட பிறகே தடை பிறக்கும். 300 முதல் 600 படகுகளுக்கு ஒரு நிலையம் என்பது பொதுவாகக் கையாளப்படும் கணக்கு.

நிலையம் கட்டப் பணம் யார் தருவது என்ற கேள்விக்கு 1992ஆம் ஆண்டின் தூய கலன் சட்டம் வழி செய்தது. செலவில் நான்கில் மூன்று பங்கு வரை மத்திய நிதியிலிருந்து கிடைக்கும். அந்த நிதி தூண்டில் சாமான்களின் மீதும் படகு எரிபொருளின் மீதும் விதிக்கும் வரியிலிருந்து வருவது. கடலை அனுபவிப்பவரே கடலுக்குச் செலவழிக்கிறார். இந்தப் பணத்தில் கட்டிய நிலையத்தில் உறிஞ்சுவதற்குக் கட்டணமாக 5 டாலர் வரை வாங்கலாம், அதற்கு மேல் என்றால் காரணம் காட்ட வேண்டும் என்று விதி வகுத்தார்கள். பல துறைமுகங்களில் அதுவும் இல்லாமல் இலவசம். ரேடியோவில் கூப்பிட்டால், நம் ஊர் செப்டிக் டேங்க் லாரியைப்போல, உறிஞ்சும் படகே பக்கத்தில் வந்து நிற்கும் இடங்களும் உண்டு.

இப்படித்தான் 1998இல் ரோட் ஐலண்ட் மாநிலம் தன் கடல்நீர் முழுவதையும் தடைப் பகுதியாக்கியது. 2014க்குள் மாசசூசெட்ஸ் கடற்கரை முழுவதும் அதன்கீழ் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்பகுதி 2018இல் சேர்ந்தபோது, தொட்டி வைக்க இடமில்லாத பழைய இழுவைப் படகுகளுக்கும் மீன்பிடிக் கலன்களுக்கும் ஐந்தாண்டு அவகாசம் தந்தார்கள். கடற்கரைக்குக் கடற்கரை இவ்வளவு ஆண்டுகள் பிடித்ததை மந்தம் என்று சிலர் குறை சொல்வார்கள். கொட்ட இடம் காட்டாமல் கொட்டாதே என்று சொன்னால், பகலில் ஒழுங்காக இருக்கும் வால்வு இரவில் திரும்பிக்கொள்ளும் என்பதே என் கருத்து.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்: பெரிய கப்பல்களுக்கு என்ன விதி? நம் விசைப்படகுகளுக்கும் இந்தத் தொட்டி முறை வருமா?

பதில்: பன்னாட்டுப் பயணம் போகும், 400 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களும், 15 பேருக்கு மேல் ஏற்றும் சிறிய கப்பல்களும் கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்ப்போல் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் நான்காம் இணைப்புக்குக் கட்டுப்பட்டவை, அது 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரைத்துக் கிருமி நீக்கிய கழிவை 3 கடல் மைலுக்கு அப்பாலும், அப்படிச் செய்யாததை 12 கடல் மைலுக்கு அப்பாலுமே விடலாம். தொட்டியில் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் திறந்துவிடக்கூடாது. கப்பல் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது சிறிது சிறிதாக விட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் கப்பலிலேயே இருந்தால் விதி வேறு.

நம் விசைப்படகுகளில் பெரும்பாலானவற்றில் கழிப்பறையே கிடையாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இல்லாத கழிப்பறைக்குத் தொட்டி கேட்பதில் பொருளில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் படகு கட்டியிருக்கும் நேரத்தில் ஆட்கள் ஒதுங்குவதற்கு, இரவிலும் திறந்திருக்கும், தண்ணீர் வரும் கழிப்பறை ஏலக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது.

சென்னையிலிருந்து ஒரு வாசகி: ரோட் ஐலண்டில் இருக்கும் என் மகளும் மருமகனும் பழைய பாய்மரப் படகு ஒன்றை விலைக்கு வாங்கப் போகிறார்கள். கழிப்பறை விஷயத்தில் எதைப் பார்த்து வாங்கச் சொல்லட்டும்?

பதில்: முதலில், கடலுக்குத் திறக்கும் வால்வு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தடைப் பகுதியில் அதை மூடி வைத்தால் மட்டும் போதாது. மூடிய பின் கைப்பிடியைக் கழற்றியிருக்க வேண்டும், அல்லது பூட்டுப் போட்டிருக்க வேண்டும், அல்லது வெட்டினாலன்றி அவிழாத கட்டுக்கம்பியால் இறுக்கியிருக்க வேண்டும். சோதனைக்கு வருபவர் பார்ப்பது அதைத்தான்.

அடுத்து, ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கழிப்பறையிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயின் மேல் சுற்றி, ஆறிய பிறகு அந்தத் துணியை மோந்து பார்க்கச் சொல்லுங்கள். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் குழாய் ஊறிப்போய்விட்டது. விலையில் அதற்கும் பேரம் பேசலாம்.

மேல்தளத்தில் டீசல் ஊற்றும் மூடியும் கழிவு உறிஞ்சும் மூடியும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் அன்றே புதிய மூடி மாற்றிவிட வேண்டும். மாற்றி ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். முதல் முறை உறிஞ்சும் நிலையத்துக்குப் போகும்போது, குழாயின் முனையைக் கழிவு மூடிக்குள் காற்றுப் புகாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழாயில் பதித்திருக்கும் கண்ணாடித் துண்டைக் கவனிக்க வேண்டும். உள்ளே ஓடுவது பழுப்பாக இருந்து நிற்கும் தறுவாயில், தொட்டிக்குள் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி மறுபடி உறிஞ்ச வேண்டும். கண்ணாடியில் தெளிந்த நீர் தெரிந்த பிறகு குழாயை எடுக்கலாம்.