மழைக்குப் பின் முளைக்கும் வெள்ளைக் காளானில் புற்றுக்காளான் எது?

மேலூர்ப் பக்கம் வரப்பில் முளைத்த வெள்ளைக் காளானைச் சமைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே தெரியும் குடையை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காளானைக் கிள்ளாதீர்கள், சுற்றி மண்ணைத் தோண்டி முழுதாக எடுங்கள்.

சமைக்கக்கூடியது கறையான் புற்றிலிருந்து முளைக்கும் புற்றுக்காளான். அதில் பெரிய வகையின் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு கறையான் புற்று வரை போகும். குடை நடுவில் கூர்மையான முனை இருக்கும். அடித்தண்டு கிண்ணம் போன்ற உறைக்குள் உட்கார்ந்திருந்தால் அது அமானிட்டா என்ற காளான் வகையாக இருக்கலாம், அதில் கொல்லும் இனங்கள் உண்டு.

நம் ஊரில் அதிகம் ஏமாற்றுவது குளோரோபில்லம் என்ற நச்சுக் காளான். புல்தரையில் வளரும், குடைமேல் பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம். குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் இளசில் வெள்ளைதான், முற்றினால்தான் பச்சை தட்டும். அதனால் குடையை அறுத்து, மடிப்பு கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தூள் பச்சையாக விழுந்திருந்தால் குளோரோபில்லம். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும்தான். புற்றுக்காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பு. ஆனால் இளஞ்சிவப்புத் தூள் விடும் நச்சுக் காளானும் உண்டு, ஆகவே தண்டையும் சேர்த்தே பாருங்கள்.

நச்சுக் காளானோடு வேகவைத்தால் வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி அரித்த காளான் நல்லது என்பதெல்லாம் சும்மா. அமானிட்டா நஞ்சு கொதித்தாலும் போகாது. சாப்பிட்டு வயிற்றைப் பிரட்டினால் மிச்சக் காளானோடு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.