முப்பது படங்களும் மிச்சமும்

அன்புள்ள அண்ணன்,

ஏ.எல். படித்த காலத்திலிருந்து உங்கள் கதைகளை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்தரம். களுவாஞ்சிகுடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து மட்டக்களப்பு டவுனில் ஒரு அரச கந்தோரில் வேலை செய்கிறேன். போன சித்திரைப் புத்தாண்டன்று, ஒரு வருசத்துக்கு நாளுக்கு ஒரு படம் எடுப்பதென்று தொடங்கினேன். கமெரா இல்லை, போன்தான். இந்தப் புத்தாண்டுக்கு முதல்நாள் வருசம் முடிந்தது.

முடிந்ததும் சந்தோசம் வரும் என்று நினைத்தேன், சலிப்புத்தான் வந்தது. எல்லாவற்றையும் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். முப்பது தேறும். மிச்சமெல்லாம் பஸ் ஜன்னல், சோத்துப் பார்சல், மேசையில் கிடக்கும் பைல், இரவு பதினொன்றரைக்கு 'ஐயோ இன்றைக்கு எடுக்கவில்லையே' என்று எழும்பி எடுத்த சுவர்ப் பல்லி. காலையில் கடற்கரைக்கு நடக்கப் போகும்போது எடுத்த சூரியோதயம் மட்டும் ஏராளம். வீட்டில் எடுக்கலாமென்றால் அம்மா "இந்தக் கோலத்தில என்னத்துக்குகா படம்?" என்று முகத்தைத் திருப்பிவிடுவா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடையில் டெங்கு வந்து எட்டு நாள் வைத்தியசாலையில் கிடந்தேன். அந்த நாட்களுக்கு, பிறகு எடுத்த வேறு படங்களைப் போட்டு நிரப்பிவிட்டேன். யாருக்கும் தெரியாது.

கூட வேலை செய்கிறவர்கள், நல்ல முப்பதையும் பெரிதாக அடித்துக் கண்காட்சி வைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் வந்து விளக்கேற்றித் திறந்து வைக்க வேண்டும். ஒரு நண்பி மட்டும், "போன் வைத்திருக்கிற எல்லாரும் செய்கிற விளையாட்டு, இதுக்கென்ன கண்காட்சி" என்கிறாள். அவள் சொல்வது சரியோ? இரண்டாவது வருசமும் தொடரட்டுமா? நாலு படம் இணைத்திருக்கிறேன்.

வாசகி, களுவாஞ்சிகுடி
(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தங்கச்சி,

நாலில் மூன்று, நீங்கள் தேறும் என்று நினைப்பவை. பார்த்ததும் விளங்கியது. கல்லடிப் பாலத்தின் மேல் அந்தி, வாவியில் ஒற்றைத் தோணி, ஆடியமாவாசைக்கு மாமாங்கத்துத் தீர்த்தக்கேணியில் சனம். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்த மூன்றையும் வேறு பலர் எடுத்து நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நின்று மேற்கே படுவான்கரைப் பக்கம் போனை நீட்டினால் அந்தி நேரத்தில் யாருக்கும் ஒரு படம் விழும். அது வாவியின் கெட்டித்தனம்.

நாலாவதை ஏன் அனுப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தவறிப்போய்ச் சேர்ந்ததோ என்னவோ. பஸ் கண்டக்டரின் இடது கை. தாள் காசை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்குகளில் செருகியிருக்கிறார், நூறுகள் ஓரிடுக்கில், ஐம்பதும் இருபதும் இன்னோரிடுக்கில், ஐந்நூறு ஒன்று தனியாக. சுண்டுவிரல் நகத்தில் பாதி வளர்ந்து போன மருதோன்றிச் சிவப்பு. பின்னால் மழைத்தண்ணி வடிகிற கண்ணாடி, அதற்கப்பால் காத்தான்குடித் தெருவின் பேரீச்ச மரங்கள் கலங்கித் தெரிகின்றன. உங்கள் முப்பதில் இது இல்லை என்றால் முப்பதைப் பொறுக்கிய கண்ணில்தான் பிழை. வருசத்தில் பிழையில்லை.

நண்பியின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். விளையாட்டுத்தான். அதிலென்ன குறை? நியூயோர்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். 1979 மார்ச் 31ஆம் திகதி தொடங்கி நாளுக்கு ஒரு படம் எடுத்தார். படம் உடனே கையில் வந்து விழுகிற பொலரொய்ட் கமெரா. இருபது தரம் அமத்தி நல்லதைப் பொறுக்குகிற வசதியெல்லாம் அதில் இல்லை. அன்றைக்கு எது விழுந்ததோ அதுதான் அன்றைய படம். நண்பர்கள், தெரு, சாப்பாட்டு மேசை, கடைசியில் ஆஸ்பத்திரி. 1997 ஒக்டோபர் 25ஆம் திகதி, தன்னுடைய 41ஆவது பிறந்தநாளில், புற்றுநோயால் இறந்து போனார். அன்றுவரை எடுத்திருக்கிறார். பிறகு நண்பர்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தபோது நல்லதைப் பொறுக்கவில்லை. 6,697 படங்களையும் திகதி வரிசையில் வைத்தார்கள். ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்தால் சும்மா படங்கள்தான். வரிசையில் பார்த்தால் ஒரு மனிசனின் பதினெட்டு வருசம்.

இப்போது டெங்கு நாட்கள். நிரப்பியதை எடுத்துவிடுங்கள். 'யாருக்கும் தெரியாது' என்பதும் சரியில்லை, எடுத்த திகதியையும் நேரத்தையும் போன் படத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். தைவானில் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த டெச்சிங் ஷியே என்ற கலைஞர் 1980 ஏப்ரல் 11 முதல் ஒரு வருசம், இரவுபகலாக மணிக்கொருதரம், தொழிற்சாலைகளில் வேலை நேரம் பதிகிற மெஷினில் அட்டை செருகினார். நீங்கள் கந்தோருக்கு வரும்போதும் போகும்போதும் படும் அதே பாடுதான், அவருக்கு நாளுக்கு இருபத்துநாலு தரம். ஒவ்வொரு தரமும் தன்னை ஒரு பிரேம் படமும் எடுத்துக்கொண்டார். மொத்தம் 8,760 தரம் பதிய வேண்டும். 133 தவறியது. அதை அவர் மறைக்கவில்லை, கணக்கெழுதினார்: நித்திரையாகிப் போனது 94, பிந்தியது 29, முந்தியது 10. அந்தக் கணக்கும் படைப்போடு சேர்த்தி. எனக்கு அந்த வருசத்தின் மேல் நம்பிக்கை வருவதே அந்த 94 நித்திரையால்தான். உங்கள் எட்டு நாட்களுக்கும் வெறும் தாளை வைத்து, 'டெங்கு, வாட்டில்' என்று எழுதுங்கள். உங்கள் வருசத்தில் பெரிய சம்பவமே அதுதானே. அதைப் பூப்படம் போட்டு மூடலாமா?

இனி, நான் உண்மையில் சொல்ல வந்தது.

நம்முடைய வீட்டு அல்பங்களை நினைத்துப் பாருங்கள். சாமத்தியவீடு, கலியாணம், பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், பிரேதத்தைச் சுற்றி எல்லாரும் நின்று எடுத்த ஒன்று. இவை போக அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளை. ஊருக்கென்று இருப்பதும் அப்படித்தான். 1978 நவம்பர் சூறாவளி முறித்துப் போட்ட தென்னைகள், யுத்த காலத்தில் பத்திரிகைக்காரர் எடுத்தவை, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய நாவலடி. விசேசமும் அழிவும். இரண்டுக்கும் இடையில் கிடந்த ஆயிரக்கணக்கான நாட்களுக்குப் படமில்லை. எண்பதுகளில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மட்டக்களப்பு பஸ் நிலையம் எப்படி இருந்தது, பழைய கல்லடிப் பாலத்தில் பஸ்ஸும் மாட்டுவண்டியும் எப்படிப் போய்வந்தன என்று ஒரு பிள்ளை கேட்டால், வாயால் சொல்வேன். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த எவரிடமும் இல்லை.

காசு ஒரு காரணம். ஒரு பிலிம் ரோலில் 36 படம். இரண்டு கலியாணமும் ஒரு பிறந்தநாளும் அதற்குள் அடங்க வேண்டும், அதில் யார் கண்டக்டரின் கையை எடுப்பது? மற்றக் காரணம் உங்கள் வயதுக்காரருக்குச் சொன்னால்தான் விளங்கும். யுத்த காலத்தில் கமெராவோடு சென்றியை, சோதனைச் சாவடியை, தாண்டுவது லேசான காரியமாக இருக்கவில்லை. யாருக்குப் பக்கத்தில் யார் நின்றார் என்று ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடும். அல்பத்தை அடுப்பில் போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். மிஞ்சியதைக் கடல் கொண்டுபோன வீடுகளையும் தெரியும். காணாமல்போன பிள்ளைகளுக்காகத் தாய்மார் பிடித்துக்கொண்டு நிற்கிற படங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பலதும் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியவை. அந்தப் பிள்ளை சைக்கிளுக்குக் காற்றடிக்கிற படமோ, பீங்கானைக் கையில் வைத்துக் குந்தியிருந்து சாப்பிடுகிற படமோ அந்தத் தாயிடம் இல்லை.

நீங்கள் ஒதுக்கிய முன்னூற்றுச் சொச்சத்தை நான் இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன். சோத்துப் பார்சல் எந்தக் கடையுடையது? லன்ச் சீற்றா, வாழையிலையா? கூனிச் சம்பல் இருந்ததா? பைலைக் கட்டியிருந்தது நாடாவா, றப்பர் பாண்டா? இருபது வருசம் கழித்து ஒருவருக்கு உங்கள் அந்தியை விட இதெல்லாம் தேவைப்படும். அதற்காக எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பதினொன்றரைப் பல்லி பல்லிதான்.

ஒரு வேலை செய்யுங்கள். படங்களைச் சின்னதாக்கி, ஒரு ஏ4 தாளில் 36 வீதம் அடியுங்கள். பதினொரு தாளில் முழு வருசமும் அடங்கும். விறாந்தையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, சூரியோதயங்களில் ஒரே இடத்தில் நின்று எடுத்தவற்றுக்கு மட்டும் பென்சிலால் அடையாளம் போடுங்கள். கடலைப் பார்த்து நின்றால் ஜூனில் சூரியன் இடக்கைப் பக்கம், மட்டக்களப்புப் பக்கமாக எழும்பியிருக்கும். டிசம்பரில் வலக்கைப் பக்கம், கல்முனைப் பக்கமாக ஒதுங்கியிருக்கும், மாரி முகில் விட்டிருந்தால். அடிவானத்தில் இந்த இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 47 பாகை. தனித்தனியே 'இன்னுமொரு சூரியோதயம்' என்று சலித்தவை, வரிசையில் வைத்ததும் சூரியன் போய்த் திரும்பிய வழியைக் காட்டும். வானிலை அறிக்கையில் 'சூரியன் உச்சம் கொடுக்கிறது' என்று வாசிப்பார்களே, ஏப்ரல் 9, 10 அளவில் நமக்கு அந்த நாட்கள். அப்போது 12 மணி கழிந்து ஐந்து நிமிசமளவில் வெளியில் எடுத்த படம் ஏதும் இருந்தால் நிழலைத் தேடுங்கள். கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. செப்டெம்பர் தொடக்கத்தில் மறுபடி ஒருதரம் இது வரும்.

பிறகு, எதை எடுக்கவில்லை என்று பாருங்கள். நான் பார்க்காமலே ஒன்று சொல்வேன்: அம்மா. முகத்தைத் திருப்புகிறவவை வற்புறுத்த வேண்டாம். திருவலையில் தேங்காய் திருவுகிற கை இருக்கிறது, கொடியில் காய்கிற சேலை இருக்கிறது, வாசலில் கழற்றிவிட்ட செருப்பு இருக்கிறது. முகம் தானாக ஒருநாள் வரும். வராமலும் விடலாம்.

இரண்டாவது வருசம் வேண்டாம், இதே மாதிரி வேண்டாம் என்கிறேன். தினமும் புதிதாக எதையாவது தேடுகிற ஓட்டம் ஒரு வருசத்துக்குப் போதும். அதற்கு மேல் போனால் பல்லிகள்தான் பெருகும். பிராக் நகரத்தில் யோசெப் சுடெக் என்றொரு படக்காரர், முதலாம் உலக யுத்தத்தில் வலது கையை இழந்தவர். நாசிகள் நாட்டைப் பிடித்து வெளியில் படமெடுப்பது சிக்கலான காலத்தில் தன் ஸ்டூடியோ ஜன்னலையே எடுக்கத் தொடங்கினார். பனி பிடித்த கண்ணாடி, வளைந்த மரம், விளிம்பில் ஒரு கோப்பை. வருசக்கணக்காக அந்த ஒரே ஜன்னல். உங்களுக்குப் பஸ் ஜன்னல் இருக்கிறது. ஆரையம்பதியோ செட்டிபாளையமோ, ஒரே தரிப்பிடம், வாரத்துக்கு ஒரு படம். மனம் பிடித்தால் செய்யுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தத் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் எப்படி முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கும் பார்க்க ஆசை.

ஒரு அவசரமான விசயம். படங்கள் போனில் மட்டும் இருந்தால் இன்றைக்கே வேறு இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள், ஒன்று வேறொருவரின் வீட்டில். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிச் சேமிக்க வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடும், உள்ளே இருக்கும் திகதி விபரத்தையும் கழற்றிவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் டொக்கியூமென்றாக அனுப்புங்கள். எல்லாம் ஒழுங்கான பிறகு நூலக நிறுவனத்தாருடன் கதைத்துப் பாருங்கள். 2005இலிருந்து இலங்கைத் தமிழரின் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி வருகிறவர்கள், ஆவணகம் என்ற பேரில் படங்களையும் சேர்க்கிறார்கள். ஒரு கந்தோர்க்காரியின் முழு வருசம் அவர்களுக்கு வேண்டாததாக இராது.

கண்காட்சிக்கு வருகிறேன். ஆனால் முப்பது படத்துக்கு வரமாட்டேன். எல்லாவற்றையும் அஞ்சலட்டை அளவில் அடித்து, கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பில் திகதி வரிசையில் தொங்கவிடுங்கள். எட்டு வெறும் தாளும் அவற்றின் இடத்தில் தொங்க வேண்டும். சந்தையிலோ கிணற்றடியிலோ கேட்காமல் எடுத்த முகங்கள் இருந்தால் அவர்களைத் தேடிக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் அந்தப் படத்தின் முதுகைக் காட்டித் தொங்கவிடுங்கள், திகதி மட்டும் தெரிய. கண்டக்டரைத் தேடுவது கஷ்டமில்லை, நாளைக்கே அதே பஸ்ஸில் இருப்பார்.

விளக்கேற்ற வேறு யாரையாவது கூப்பிடுங்கள் தங்கச்சி, எனக்கு அந்தப் பொன்னாடை, பேச்சு ஒன்றும் ஒத்துவராது. கயிறு கட்ட முதல்நாள் பின்னேரம் வருகிறேன். கிளிப்தான் நிறைய வேண்டும், கந்தோர்ப் பெண்பிள்ளைகள் எல்லாரையும் வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு டசின் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்