காட்டுக் காற்றைப் படிக்க விரும்பும் மகள்

அம்மா, வணக்கம். போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் மகளின் மேற்படிப்பைப் பற்றி என்னோடு பேசிவிட்டு எழும்பிப் போகும்போது கேட்டீர்கள்: "காற்றைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது, மிஸ்?" வெளியே அடுத்த பிள்ளை காத்திருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை.

மகளின் கொப்பியைத் திறந்து பார்த்தீர்களா? பண்டாரவளையில் பொறுக்கிய இரண்டு பைன் ஊசியிலைகளை ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "கசக்கினால் மணக்குது. அந்த மணம் பிறகு எங்கே போகுது?"

இது சின்னப்பிள்ளைக் கேள்வி இல்லை. அந்த மணம் பைனீன் போன்ற ஆவிகள். காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் திரளும். காடுகளுக்கு மேல் தெரியும் நீல மூட்டத்துக்குச் செடிகள் விடும் ஆவிகளே காரணம் என்று தாவரவியலாளர் பிரிட்ஸ் வென்ட் 1960இல் எழுதினார். துகள் கொஞ்சம் பெருத்தால் அதன்மேல் மேகத் துளி பிடிக்கும். பருவத்துக்குப் பருவம் கதை மாறும். பின்லாந்தின் ஊசியிலைக் காட்டில் புதுத் துகள்கள் அதிகம் பிறப்பது வசந்தத்தில். அமேசனில் மழைக்காலத் துகள்களில் பெரும்பங்கு காடு தந்தது. வறண்ட காலத்தில் தீப்புகை வந்து கலந்துவிடும். அங்கே 325 மீற்றர் கோபுரம் கட்டி அளக்கிறார்கள். காற்றை வடித்து, துகள் படிந்த வடிதாளில் லெவோகுளுக்கோசான் என்ற சேர்மம் இருந்தால் அது எரிந்த மரத்தின் புகை. அராபிட்டோல் என்ற சேர்மம் இருந்தால் பூஞ்சை வித்து. இப்படித் துப்புத் துலக்குவது முழுக்க முழுக்க இரசாயனவியல், அம்மா. உயர்தரப் பரீட்சையில் மகள் இரண்டு தரமும் ஏ எடுத்த பாடம்.

சரி, வேலை. 'காட்டுக் காற்று ஆய்வாளர் தேவை' என்று இங்கே பத்திரிகையில் விளம்பரம் வராது. மகளிடமும் இதை ஒளிக்கவில்லை. ஆனால் அந்த வடிதாளைப் பரிசோதிக்கும் அதே கருவிகளில்தான் தேயிலையில் பூச்சிநாசினி எச்சமும் மருந்தின் தூய்மையும் பார்க்கிறார்கள். கை பழகியவளுக்கு ஆய்வுகூட வேலை இருக்கிறது. பின்லாந்திலும் ஜேர்மனியிலும் கலாநிதிப் படிப்பைச் சம்பளத்தோடு செய்யும் இடங்களும் உண்டு.

மருத்துவத்துக்காக மூன்றாம் தரமும் எழுத வைக்காதீர்கள். அது உங்கள் ஆசை. அவளுடையது இல்லை என்பது அன்றைக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி இடம் கொடுத்தால் கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல் படிக்கட்டும். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறையும் இருக்கிறது. என்றாலும் முதலில் இரசாயனவியலில் கால் ஊன்றுவதே எனக்குப் பிடிக்கும். புள்ளி போதாவிட்டால் ராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவகத்தின் பட்டதாரிப் பயிற்சிநெறி. அதற்குக் கட்டணம் உண்டு, வீட்டில் கணக்குப் பாருங்கள்.

எனக்குள்ள ஒரே கவலை ஆங்கிலம். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு முதல் வருட விரிவுரைகள் மூச்சு முட்டும். அனுமதி வரும்வரை உள்ள மாதங்களை அதற்கே கொடுக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை அப்பாவையும் கூட்டி வாருங்கள். பெறுபேற்றுத் தாளோடு அந்தக் கொப்பியும் வரட்டும். அதை அவர் இன்னும் பார்க்கவில்லை என்று மகள் சொன்னாள்.