இரண்டு தீக்கு நடுவே எத்தனை வருடம்? – காட்டுத்தீ கேள்வி பதில்

முதுமலை, பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலைப் பக்கத்து இலையுதிர் காடுகளில், எரிந்த இடத்தில் எது திரும்பி வருகிறது, எது வருவதில்லை என்று பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. பிப்ரவரி பிறந்தாலே காட்டுத்தீ பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். இந்த முறை வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, போன மாதம் மசினகுடி போனபோது ரோட்டோரம் இரண்டு பக்கமும் கருகிக் கிடந்தது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. அந்தக் காடு அவ்வளவுதானா? – கல்லூரி மாணவி, கோவை

நீங்கள் பார்த்தது காட்டுத்தீயாகவே இல்லாமல் இருக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்பே ரோட்டோரப் புல்லை வெட்டிக் காயவிட்டு, ஆட்களை நிறுத்திவைத்து வனத்துறையே எரிக்கும். அதுதான் தீத்தடுப்புக் கோடு. பின்னால் எங்காவது தீப்பிடித்தால் இந்தக் கருகிய பட்டையோடு நின்றுவிட வேண்டும் என்பது கணக்கு.

நிஜமாகவே உள்காடு எரிந்திருந்தாலும் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இங்கே தீ பெரும்பாலும் தரையோடு போகும். புல்லும் சருகும்தான் எரியும். கருமருது, வெக்காலி, தேக்கு போன்ற பெரிய மரங்களுக்குப் பட்டை தடிமன். வெளியே கரி பிடித்த மரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே ஈரமான உயிர்ப்பட்டை இருக்கும். சின்னக் கன்றுகளின் கதை வேறு. முழங்கால் உயரத் தேக்கங்கன்றின் தண்டு எரிந்து போகும், வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மழை விழுந்ததும் வேரில் சேர்த்து வைத்த சத்தை வைத்துப் புதிதாகத் துளிர்க்கும். அடுத்த வருடமும் எரிந்தால் மறுபடி துளிர்க்கும். மேலே பார்த்தால் ஒரு வயதுக் கன்று, கீழே தோண்டினால் மணிக்கட்டு தடிமனுக்கு வேர். அந்தக் கன்று தீ எட்டாத உயரத்துக்கு வளர, தொடர்ந்து சில வருடம் தீயில்லாமல் இருக்க வேண்டும். அது கிடைக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

அப்படியானால் தீ நல்லது என்கிறீர்களா? அப்புறம் எதற்கு அணைக்க வேண்டும்? – திருப்பூர்

நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, எந்த மாதத்தில், எந்தக் காட்டில் என்று சேர்த்துக் கேளுங்கள்.

முதுமலையின் பழைய வனப் பதிவேடுகளையும் பின்னாளைய தீ வரைபடங்களையும் ஒப்பிட்டு, நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரேன், ராமன் சுகுமார் மூவரும் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1909 முதல் 1921 வரையிலான காலத்தில் ஒரே இடம் மறுபடி எரிய சராசரியாக 10 வருடம் ஆகியிருக்கிறது. 1989 முதல் 2002 வரையிலான காலத்தில் அது 3.3 வருடமாகச் சுருங்கிவிட்டது. மேலே சொன்ன தேக்கங்கன்றை நினைத்துப் பாருங்கள். 10 வருடத்தில் அது மரமாகிவிடும். மூன்று வருடத்தில் முடியாது.

அதே முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டை அளந்துவருகிறார்கள். ஒரு செ.மீ. தடிமனுள்ள குச்சி மரத்திலிருந்து எல்லாவற்றுக்கும் எண் போட்டு, வருடா வருடம் இருக்கிறதா, போய்விட்டதா, போனால் யானையா, தீயா, வறட்சியா என்று பார்க்கிற வேலை. தீயில் சாவது பெரும்பாலும் சின்ன மரங்கள்தான் என்பதை அந்தப் பதிவு தெளிவாகக் காட்டுகிறது. அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆபத்து தெரிவதில்லை. பெரிய மரங்கள் கம்பீரமாக நிற்கும், அவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டிய தலைமுறை காணாமல் போயிருக்கும்.

சோலைக் காட்டுக்கும் இதே கணக்குதானா? – ஊட்டி

இல்லவே இல்லை. உயரமான மலைகளில் புல்வெளிக்கு நடுவே பள்ளங்களில் நிற்கும் சோலை மரங்கள் ஈரத்தில் வாழ்ந்து பழகியவை, தீயைத் தாங்கும் பட்டை அவற்றுக்குக் கிடையாது. சுற்றியுள்ள புல்வெளி எரிந்தால் அடுத்த மழையில் பச்சையாகிவிடும். சோலையின் ஓரம் எரிந்தால் அது பின்வாங்கும். அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரம் (வாட்டில்) இருந்தால் இன்னும் மோசம். மண்ணில் வருடக்கணக்காகத் தூங்கும் அதன் விதைகள் தீச்சூட்டில் கூட்டமாக முளைக்கும். சோலையை ஒட்டிப் பிடிக்கும் தீயை உடனே அணைத்தாக வேண்டும், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

மேடம், எல்லாத் தீயும் மனிதன் வைப்பதுதானே? பீடித் துண்டுக்கும் காலநிலை மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

பாதி சரி சார். நம் இலையுதிர் காடுகளில் மின்னல் தீ மிக அரிது, தீப்பொறி அநேகமாக மனிதக் கையிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதே பீடித் துண்டு அக்டோபரில் விழுந்தால் அணைந்துவிடும், மார்ச்சில் விழுந்தால் ஆயிரம் ஏக்கர் போகும். பொறி மனிதனுடையது, பரவுவதைத் தீர்மானிப்பது வானிலை.

வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். அந்த அளவுக்கு ஈரம் காற்றில் வந்து சேராவிட்டால், இலையிலிருந்தும் சருகிலிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சருகு சீக்கிரம் காய்கிறது, தீக்காலம் நீள்கிறது.

மழையின் பங்கு இன்னும் சுவாரசியமானது. முதுமலையின் கிழக்குப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 600 மி.மீ. மழை, மேற்கே அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. நந்திதா மண்டலும் சுகுமாரும் செய்த ஆய்வில், ஈரமான மேற்குப் பக்கம் எரிவதைத் தீர்மானிப்பது அந்தக் கோடையின் வறட்சி என்று தெரிந்தது. வறண்ட கிழக்கிலோ முந்தைய பருவமழையே முக்கியம். நல்ல மழை பெய்தால் புல் மண்டும், மண்டிய புல் காய்ந்தால் எரிபொருள். ஆகவே போன வருடம் நல்ல மழை, இந்த வருடம் பயமில்லை என்று சொல்ல முடியாது. கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டி, விட்டால் மாதக்கணக்கில் விட்டுவிடும் மழைதான் இனி வரப்போகிறது என்றால், புல்லும் மண்டும், காயவும் காயும். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

அக்கா, நான் இருப்பது கலிஃபோர்னியாவில். இங்கே காட்டை எரியவிடாமல் காத்ததுதான் தப்பு என்கிறார்கள். நீங்கள் அடிக்கடி எரிவதுதான் தப்பு என்கிறீர்கள். எது சரி? – சாக்ரமெண்டோ

இரண்டும் சரி தம்பி. ஒவ்வொரு காட்டுக்கும் பழகிய இடைவெளி ஒன்று உண்டு. அது சுருங்கினாலும் ஆபத்து, அளவுக்கு மீறி நீண்டாலும் ஆபத்து.

உங்கள் ஊர் செக்கோயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான வருடம் வாழும் மரம், பட்டை சில இடங்களில் இரண்டடி தடிமன். தரையோடு போகும் சின்னத் தீயை அது ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கும். அதன் கூம்பு விரிந்து விதை கூட்டமாகக் கொட்டுவது பெரும்பாலும் தீச்சூட்டில்தான். அங்கே பழங்குடிகள் வைத்துவந்த தீயையும் நிறுத்தி, மின்னல் தீயையும் நூறு வருடத்துக்கு மேல் அணைத்துக்கொண்டே வந்தார்கள். அடியில் எரிபொருள் குவிந்தது, வறட்சியும் சேர்ந்துகொண்டது. 2020, 2021 ஆகிய இரண்டே வருடத்தில் உலகிலுள்ள பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 விழுக்காடு செத்துப்போயின. எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது.

எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. 1988இல் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. எல்லாம் போயிற்று என்று நாடே அழுதது. ஆனால் அங்குள்ள லாட்ஜ்போல் பைன், பிசின் பூசிய கூம்புக்குள் விதையைப் பூட்டி வைத்திருக்கும் மரம். தீச்சூட்டில் பூட்டு திறந்து கன்றுகள் அடர்ந்து முளைத்தன. அந்தக் காட்டுக்குப் பழகிய இடைவெளி 100 முதல் 300 வருடம். 2016இல் என்ன ஆயிற்று என்றால், 1988இலும் 2000இலும் எரிந்து முளைத்திருந்த இளங்காடே மறுபடி எரிந்தது. அந்த மரங்களில் போதுமான கூம்புகள் இன்னும் சேரவில்லை. மோனிக்கா டர்னர் குழுவினர் அளந்து பார்த்தபோது, புதிதாக முளைத்த கன்றுகளின் அடர்த்தி சராசரியாக ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. 1988ஐத் தாங்கிய அதே இனம்தான். அதற்கு வேண்டிய காலம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சோளகர்கள் காட்டுக்குத் தீ வைப்பார்கள் என்று படித்தேன். உண்மையா? – சத்தியமங்கலம்

உண்மை. ஆனால் பேப்பரில் வரும் "மர்ம நபர்கள்" கதையோடு இதைச் சேர்க்காதீர்கள். பிலிகிரிரங்கன் மலையில் வாழும் பழங்குடிகளான சோளகர்கள் தரகு பெங்கி என்று சொல்வது, தீக்காலத்தின் தொடக்கத்தில், சருகு முழுதாகக் காயாதபோது வைக்கும் சின்னத் தீ. சருகை மட்டும் மேய்ந்துவிட்டு அணைந்துவிடும். 1974இல் அங்கே சரணாலயம் வந்த பிறகு இந்தப் பழக்கம் தடுக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் உண்ணிச்செடி (லாண்டானா என்ற அயல்நாட்டுப் புதர்) கட்டுக்கடங்காமல் போனது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் அளந்தபோது, 1997இல் 41 விழுக்காடு இடங்களில் இருந்த உண்ணி 2008இல் 81 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. உண்ணி பரவக் காரணம் பல இருக்கலாம். ஆனாலும் அந்தப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்காமல் தீத்திட்டம் எழுதுவது பெரிய அநியாயம்.

அப்போ இப்போதே பழையபடி எரித்தால் உண்ணி போய்விடுமா? – அதே நண்பர்

போகாது. புல்லும் சருகும் மட்டும் இருந்த காட்டுக்கு ஏற்ற முறை அது. இப்போது ஆளுயரத்துக்கு உண்ணிப் புதர் நிற்கிறது. அதில் தீ பிடித்தால் அதுவே ஏணியாகி, சுவாலையை மரக் கிளைவரை ஏற்றிவிடும். எரிந்த உண்ணி அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். முதலில் அதை எடுக்க வேண்டும். சும்மா வெட்டினால் இரண்டு மடங்காக வரும். தண்டும் வேரும் சேரும் கணுவுக்குக் கீழே, மண்ணுக்குள் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அதோடு விட்டால் விதை முளைக்கும், ஆகவே அடுத்தடுத்த மழைக்குப் பின்னும் வந்து கன்றுகளைப் பிடுங்க வேண்டும். ஊர்க்காரர்களுக்கு ஒழுங்கான கூலி கொடுத்தால் நடக்கிற வேலைதான்.

எரிந்த இடத்தில் எங்கள் குழு விதைப்பந்து வீசலாமா?

வேண்டாம். முதலில் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். வேர் உயிரோடிருந்தால் அதுவே வரும். வராத இடத்தில் மட்டும், அந்தந்த மலையின் இனங்களை, வனத்துறையோடு பேசி நடலாம்.

மலையேற்றத்தில் தீயில் மாட்டினால் என்ன செய்வது? குரங்கணிக்குப் பிறகு வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள். – மதுரை

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தொடங்கிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. காய்ந்த புல் மண்டிய செங்குத்தான சரிவு அது. தீ மேல்நோக்கி ஓடும். முன்னால் இருக்கும் புல்லை அதன் சூடே காயவைத்துக்கொண்டு போகும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு என்பது தீயணைப்போர் கணக்கு. ஆகவே தீக்கு மேலே ஏறி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, பாறை, வெறும் மண், ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம் என்று எதையாவது பிடியுங்கள். புல் நிறைந்த ஓடைப் பள்ளத்தில் இறங்காதீர்கள், அங்கே புகைபோக்கி மாதிரி தீ இழுக்கும். நைலான், பாலியெஸ்டர் துணி தோலோடு உருகி ஒட்டும், பருத்தி போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், பிப்ரவரி முதல் மழை வரும்வரை புல்மலை ஏற வேண்டாம். வீட்டார் சொல்வது நியாயம்.

எம்.எஸ்சி. புராஜெக்டுக்குக் காட்டுத்தீ எடுக்க ஆசை. நான்கு மாதத்தில் என்ன செய்ய முடியும்?

தாராளமாகச் செய்யலாம். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் தீப்புள்ளிகளைத் தருகிறது. கைபேசியில் பதிந்துகொண்டால் எச்சரிக்கையும் வரும். அதை வைத்து, ஒருமுறை எரிந்த இடம், மூன்று நான்கு முறை எரிந்த இடம், எரியாத இடம் என்று பிரியுங்கள். வனத்துறை அனுமதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள், அதற்கே நேரம் போய்விடும். உள்ளூர்த் தீத்தடுப்புக் காவலர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருடம் எது எரிந்தது என்று படம் காட்டாததையும் அவர் சொல்வார். ஒவ்வொரு இடத்திலும் கன்றுகளை இனம்வாரியாக எண்ணுங்கள், மரத்தில் கரி ஏறிய உயரத்தை அளவுக்கோல் பிடித்துக் குறியுங்கள். கன்றுக்குப் பிளாஸ்டிக் அட்டை கட்டாதீர்கள், அடுத்த தீயில் உருகிவிடும். அலுமினியத் தகட்டில் எண் குத்திக் கம்பியால் தளர்வாகக் கட்டுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் மாணவர் அதே கன்றைத் தேடிப் பிடிக்க அது போதும்.