வீட்டுச் சபைகளில் வாங்கும் தசமபாகமும் காணிக்கையும் ஏழைகளுக்குப் போய்ச் சேருகின்றனவா?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் விளக்கத்தையும் படித்தேன். உங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டில் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கிறது, வருகிறவர்கள் பெரும்பாலும் கூலி வேலை செய்பவர்கள், அவர்களிடமும் பத்தில் ஒரு பங்கு வாங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்தப் படியேறி உள்ளே போனதில்லை என்றும், உங்கள் வீட்டில் யாரோ ஒருவர், அநேகமாகத் தாயாரோ மனைவியோ, போய்வருகிறார் என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். குடியாத்தத்தில் அதுபோன்ற ஒரு மாடி வீட்டுச் சபையில் பதினொரு ஆண்டுகள் கணக்கு நோட்டு எழுதியவன் நான். உங்கள் கேள்வி என்னை உறுத்தியதற்கு அதுதான் காரணம்.

எங்கள் சபையில் போய்ச் சேர்ந்தது. மற்றச் சபைகளுக்கு நான் ஜாமீன் நிற்க முடியாது. காணிக்கையில் கார் வாங்கிய ஊழியக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன், ஆகவே அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு யாரும் பின்னூட்டத்துக்கு வர வேண்டாம். எங்களுடையது 23 குடும்பங்கள் கொண்ட சிறிய சபை. தசமபாகம், நன்றிக் காணிக்கை, ஞாயிறு பையில் விழுவது எல்லாம் சேர்த்து மாதம் முப்பதாயிரம் வந்தால் அது நல்ல மாதம். அதில் மாடிக்கு வாடகையும் மின்சாரமும் போக, பாஸ்டர் ஐயா குடும்பத்துக்குப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். பெரிய சபைகளில் ஆயர்களுக்குத் திருமண்டலம், அதாவது பல சபைகளுக்கு மேலேயுள்ள நிர்வாகம், சம்பளம் கொடுக்கிறது. வீட்டுச் சபைப் போதகருக்கு அப்படி மேலே யாரும் கிடையாது. அவருடைய மனைவி ஜாக்கெட் தைத்துத்தான் பிள்ளைகளின் வேன் கட்டணத்தைக் கட்டினார். இதெல்லாம் போக நின்ற ஏழாயிரமோ எட்டாயிரமோதான் தர்மத்துக்கு.

நாலில் ஒரு பங்குதானா என்று நீங்கள் கேட்கலாம், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. தசமபாகம் என்றாலே நம் பிரசங்கிகள் பைபிளில் மல்கியா 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து, தசமபாகம் கொடுத்தால் ஆசீர்வாதம் பொழியத் திறக்கும் வானத்தின் பலகணிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் கடைசியில், மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை ஊர்வாசலில் வைத்து லேவியனும் (ஆலயப் பணி செய்யும் குலத்தவன்) பரதேசியும் (அந்நியன்) திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடையச் செய்ய வேண்டும் என்று இருக்கிறதே, அதை எடுத்துப் பிரசங்கித்தவர்களை என் ஆயுளில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

பணத்தைவிட எங்கள் தர்மத்துக்கு ஆதாரமாக இருந்தது பிடி அரிசி. ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு டப்பா இருக்கும், பெரும்பாலும் காலியான பால்பவுடர் டின். உலைக்கு அரிசி அளந்த பிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசி ஞாயிறன்று அதைக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கும் சாக்கில் கவிழ்ப்பார்கள். (இது கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து என்று நான் சொல்லவில்லை. காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டம் நடத்தியவர்தான்.) 23 டப்பாவிலிருந்து மாதம் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாமல் தேறும். ஆனால் அந்த அரிசியில் ஒரு சிக்கல் உண்டு, அது சமைத்தவர்களுக்கே தெரியும். ஒரு வீட்டில் ரேஷன் புழுங்கல், இன்னொரு வீட்டில் பொன்னி, அடுத்த வீட்டில் பச்சரிசி, மாதக் கடைசியில் டப்பா நிறையவில்லையே என்று அவசரத்துக்குப் போட்ட இட்லி அரிசி. எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் ஒரு பதத்தில் வேகாது. பச்சரிசி குழைந்து கஞ்சியாகிற நேரத்தில் புழுங்கல் நடுவில் விறைத்துக்கொண்டு நிற்கும்.

நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு ரூபாய் இடித்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. கணக்கு சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, சுத்தமாக இருப்பது எல்லோருக்கும் தெரியவும் வேண்டும் என்று எண்ணி, மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வரவையும் செலவையும் வரி வரியாக வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தேன். இன்னாருக்கு அரிசி பத்து கிலோ, இன்னாருக்கு மின் கட்டணம் இவ்வளவு என்று பெயரோடு வாசிப்பேன். பாஸ்டர் ஐயா ஒருமுறை, "பிரதர், பேரெல்லாம் வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். பெயர் இல்லாத செலவை எந்தத் தணிக்கையும் ஒப்புக்கொள்ளாது என்று பதில் சொன்னேன். எங்களைத் தணிக்கை செய்ய யாரும் வரப்போவதில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு விதவைச் சகோதரியின் பெயரை அப்படி மூன்று மாதம் தொடர்ந்து வாசித்தேன். நான்காவது மாதம் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நானும் என் மனைவியும் பழம் வாங்கிக்கொண்டு போனோம். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார், ஆனால் கை நிற்கவில்லை. இலையில் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றி முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் பொதுவாகப் பேசிய பிறகு, என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்: "அண்ணா, கலந்த அரிசிய முறத்துல கொட்டிக் கல்லு பொறுக்கினாலே, எங்கேர்ந்து வந்ததுன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும். அதை நான் பொறுத்துக்கினேன். நீங்க பேரு வாசிக்கறப்போ என் பொண்ணு பக்கத்துல உக்காந்துனு இருந்தா."

நான் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன். மனைவி என் முழங்கையைத் தொட்டதால் நிறுத்திக்கொண்டேன்.

வேலூர்ப் பக்கத்தில் கிறிஸ்தவர்களின் தர்மம் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி. 1900-இல் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியம், நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலரால் 1902-இல் நாற்பது படுக்கை மருத்துவமனையானது. ஷெல்லின் மனைவியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். படுக்கையில் கிடந்த நோயாளி ஷெல்லைப் பார்த்ததில்லை, ஷெல் நோயாளியைப் பார்த்ததில்லை. ஆகவே கொடுத்தவரின் பெயரைக் கட்டடத்திலேயே எழுதினாலும் வாங்கியவருக்குத் தலைகுனிவு இல்லை. வீட்டுச் சபையில் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பாயில் உட்காருகிறார்கள், இருவருடைய பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். யாருக்கு எப்போது என்ன தேவை என்பது விண்ணப்பமே இல்லாமல் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பெரிய நிறுவனங்களுக்கு வாய்க்காத வசதி இது. அந்த வசதிதான் வாங்குகிறவரைக் கொல்லவும் செய்கிறது. இது எனக்கு உறைக்க ஒரு முறம் பீடி தேவைப்பட்டது.

அதன் பிறகு முறையை மாற்றினோம். தொகையை மட்டும் வாசித்தோம்: உணவுக்கு இவ்வளவு, மருத்துவத்துக்கு இவ்வளவு, பள்ளிக் கட்டணத்துக்கு இவ்வளவு. பெயர்கள் ஒரு சிறிய நோட்டில் இருக்கும். அதைப் பாஸ்டரம்மாவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் இன்னொரு சகோதரியும் தவிர யாரும் பார்ப்பதில்லை, நான் உட்பட. கலந்த அரிசியை அப்படியே கொடுப்பதையும் நிறுத்தினோம். அதை மில்லில் கொடுத்து இட்லிக்கும் கஞ்சிக்கும் மாவாக்கி, மாதக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்துக்கு வைத்துக்கொண்டு, தேவைப்படுகிறவர்களுக்குக் கடையிலிருந்து மூட்டையாகவே எடுத்துக் கொடுத்தோம். உடனே வேறொரு முணுமுணுப்பு எழுந்தது: பெயர் இல்லாத கணக்கை எப்படி நம்புவது, பாஸ்டரம்மாவின் சொந்தக்காரர்களுக்கே போகிறதோ என்று. எருசலேமின் முதல் சபையிலேயே, கிரேக்கு பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை வைக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு வந்து, அதற்காகவே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து நிறுத்தினார்கள் என்று அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களுக்கே அப்படியென்றால், மாடிப்படிச் சபையில் முணுமுணுப்பு இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கூடுகை நின்றபோது காணிக்கை கூகுள் பேயில் வரத் தொடங்கியது. பையில் கையை விட்டு எடுத்தால், உள்ளே போட்டது பத்தா ஐந்நூறா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கைப்பேசியோ பெயர், தொகை, நிமிடம் எல்லாவற்றையும் என் முன்னால் வைத்தது. வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்ற போதனை அன்றோடு எங்கள் சபையில் முடிந்துவிட்டது என்றே சொல்வேன். யார் கொடுப்பதை நிறுத்தினார்கள் என்பதும் எனக்குத் தெரிந்துபோயிற்று. அவர்களில் பாதிப் பேர் அந்த மாதங்களில் வாங்க வேண்டியவர்களாக இருந்தார்கள் என்பதும் தெரிந்தது. அந்த ஒரு வகையில் அது உதவியாகவே இருந்தது.

அரிசி கொடுத்து மதம் மாற்றுகிறீர்கள் என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அரிசி, சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஏற்கெனவே சபையில் இருந்தவர்களுக்குப் போனது. வெளியாருக்குப் பெரிய அளவில் கொடுத்தது 2021 நவம்பரில், மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்து கரையோர வீடுகளுக்குள் புகுந்தபோது மட்டும். அன்று எங்கள் மாவுக் கஞ்சியும் பள்ளிவாசலிலிருந்து வந்த பிரியாணியும் ஒரே திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது முதலில் தீர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்த வரிசையில் நின்ற யாரும் கூச்சப்பட்டு நான் பார்க்கவில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரே ஆறுதான் புகுந்திருந்தது.

தர்மக் கணக்கில் எனக்கு இன்றும் ஆறாத ஒரு வரி இருக்கிறது, அது அடக்கச் செலவு. வீட்டுச் சபைகளுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. எங்கள் சபையின் முதியவர் ஒருவர் இறந்தபோது, அவர் ஞானஸ்நானம் பெற்ற பழைய சபையின் தோட்டத்தில் இடம் கேட்டுப் போனோம். அவர் விலகிய நாள் முதல் பதினைந்து ஆண்டுச் சந்தா பாக்கியைக் கட்டினால்தான் குழி தோண்ட அனுமதி என்றார்கள். உடல் ஐஸ் பெட்டியில் இருக்கிறது, நாங்கள் அலுவலக வாசலில் நின்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். கடைசியில் அந்த வருடம் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்துக் கட்டினேன். ரசீது கொடுத்தார்கள், அதில் குறையில்லை. தோட்டத்துக்குச் சுற்றுச்சுவரும் காவலாளியும் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்ற அவர்கள் தரப்பு நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆதித் திருச்சபை தன் காணிக்கையை எதற்குச் செலவிட்டது என்று இரண்டாம் நூற்றாண்டின் முடிவில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிவைத்த பட்டியலில், ஏழைகளுக்கு உணவு கொடுப்பதோடு அவர்களை அடக்கம் செய்வதும் இருக்கிறது என்பதை நினைத்தால், அந்த ரசீதை இன்னும் கிழிக்க மனம் வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் வீட்டிலிருந்து போகிறவரிடம், மாதக் கடைசியில் செலவை வாசிக்கிறார்களா என்று கேளுங்கள். வாசிக்காவிட்டால் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கேட்டதற்காக முகம் சுளித்தால் வேறு சபை பார்க்கச் சொல்லுங்கள். பெயர்களை வாசிக்கிறார்களா என்றும் கேளுங்கள். கூலிக்காரரிடம் ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. வாங்க மறுத்தால் அவர்கள் மனம் எவ்வளவு புண்படும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அந்தச் சகோதரி எங்கள் சபைக்குத் திரும்பி வரவில்லை. இரண்டு தெரு தள்ளியுள்ள வேறொரு ஜெப வீட்டுக்குப் போகிறார். அங்கே காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பார்கள். எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத வழக்கம் அது. மகளுக்கு இப்போது ஷூ கம்பெனியில் வேலை. போன மாதம் அந்தச் சகோதரியின் பெயரை வாசித்து நூறு ரூபாய் என்றார்களாம். மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாளாம். என் மனைவி சந்தையில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.