வாசகர் கேள்வி – பதில்: வெட்டிப் போட்ட கரும்பின் சாறு ஏன் நூலிழுக்கிறது?

கேள்வி: அடைமழையில் வண்டி வர வழியில்லாமல், வெட்டிய கரும்பு சில நாட்கள் வயலிலேயே கிடந்துவிட்டது. பிறகு ஆட்டியபோது சாறு விளக்கெண்ணெய் போல நூலிழுத்தது; கொப்பரையில் எவ்வளவு காய்ச்சியும் வெல்லம் அச்சில் சரியாக இறுகவில்லை. சர்க்கரை கெட்டால் புளிக்கத்தானே வேண்டும், கொழகொழப்பு எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகர், பாபநாசம் வட்டம்

பதில்: புளிப்பு வேறு, கொழகொழப்பு வேறு, உங்கள் கரும்பில் இரண்டுமே நேர்ந்திருக்கக்கூடும். கொழகொழப்புக்குப் பெரும்பாலும் காரணம் லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்னும் பாக்டீரியா. மண்ணிலும் பயிர்களின் மேலும் இயல்பாகவே இருக்கும் இது, அரிவாள் பட்ட வெட்டுவாய் வழியாகவும் தட்டையின் வெடிப்புகள் வழியாகவும் உள்ளே நுழைகிறது. சர்க்கரை கிடைத்ததும் டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ் என்ற நொதியைச் சுரந்து, தன் உடலுக்கு வெளியே, சாற்றிலேயே விட்டுவிடுகிறது.

சாற்றிலுள்ள சர்க்கரையான சுக்ரோஸ், ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் பிணைந்த மூலக்கூறு. நொதி அந்தப் பிணைப்பை வெட்டி, ஃப்ரக்டோஸை வெளியே விட்டுவிட்டு, குளுக்கோஸைத் தன் அமைப்பிலுள்ள ஆஸ்பார்டிக் அமிலம் ஒன்றின்மீது சிறிது நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அங்கே தண்ணீர் வந்து சேர்ந்தால் குளுக்கோஸ் தனியே கழன்று போயிருக்கும். ஆனால் இந்த நொதி பெரும்பாலும் அதற்கு இடம் கொடுக்காமல், ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் குளுக்கோஸ் சங்கிலியோடு அதை இணைத்துவிடுகிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து பல ஆயிரம் குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலியே டெக்ஸ்ட்ரான். நூலாக இழுபட்டது அதுதான். எடைக் கணக்கில், 342 கிராம் சுக்ரோஸ் முழுவதும் இவ்வாறு மாறினால் 162 கிராம் டெக்ஸ்ட்ரானும் 180 கிராம் ஃப்ரக்டோஸும் கிடைக்கும்.

இதில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஆற்றல் கணக்கு. நம் உடல் தன் சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜனையோ நெற்பயிர் மாவுச்சத்தையோ கட்ட வேண்டுமானால், செல்லுக்குள் ஏடிபி போன்ற ஆற்றல் தரும் மூலக்கூறுகளைச் செலவிட்டு, குளுக்கோஸை முதலில் முடுக்கிவிட வேண்டியிருக்கிறது. இந்தப் பாக்டீரியாவுக்கு அந்தச் செலவே இல்லை. சுக்ரோஸின் பிணைப்பிலேயே போதிய ஆற்றல் இருக்கிறது. அதனால்தான் வேலை செல்லுக்கு வெளியே நடக்க முடிகிறது. அதனால்தான் வெறும் குளுக்கோஸை எவ்வளவு கொட்டினாலும் இந்த நொதியால் டெக்ஸ்ட்ரான் செய்ய முடிவதில்லை. கரும்புச் சாற்றின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு சுமார் 5 முதல் 5.5 வரை; நொதிக்கு மிகவும் உகந்த அளவும் ஏறக்குறைய அதுவே. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்?

வெல்லம் இறுகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெட்டிய பிறகு கரும்பின் சொந்த நொதியான இன்வர்டேஸும், உடன் சேரும் ஈஸ்டுகளும் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடுகின்றன. இவை எளிதில் படிகமாவதில்லை, ஈரத்தையும் இழுத்துக்கொள்கின்றன. காய்ச்சினால் பாக்டீரியா சாகும், நொதியும் செயலிழக்கும். ஆனால் அதற்குள் உருவாகிவிட்ட டெக்ஸ்ட்ரான் கொதியில் போய்விடாது. சுண்ணாம்பைக் கூட்டிப் போடுவதும் இதற்குத் தீர்வாகாது. ஆட்ட ஆள் உறுதியான பிறகே வெட்டுவதும், ஆலை உருளைகளிலும் சாறு பிடிக்கும் தொட்டியிலும் பழைய சாறு தங்காமல் கொதிநீரால் கழுவுவதும்தான் கைகொடுக்கும்.

கேள்வி: சர்க்கரை ஆலைகளுக்கும் இதனால் இழப்பு உண்டா?
– ஒரு வாசகர், குருங்குளம்

பதில்: உண்டு. சாறு வடிகட்டியில் மெதுவாக இறங்கும், பாகு கெட்டிப்படும், சர்க்கரைப் படிகங்கள் ஊசிபோல் நீண்டுவிடும். ஆய்வகத்திலோ வேறு தொல்லை: சாற்றின் சர்க்கரை அளவை, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதனுள் செலுத்தும்போது அந்தத் தளத்தை அது எவ்வளவு திருப்புகிறது என்பதைக் கொண்டு கணிக்கிறார்கள், டெக்ஸ்ட்ரான் சுக்ரோஸைப் போல மூன்று மடங்கு வலப்பக்கம் திருப்புவதால், இல்லாத சர்க்கரை இருப்பதாகக் கருவி காட்டும். டெக்ஸ்ட்ரானேஸ் என்ற நொதியைச் சேர்த்துச் சங்கிலிகளைத் துண்டாக்கும் வழி இருக்கிறது, செலவுதான் கூடும். இயந்திரத்தால் சிறு துண்டுகளாக வெட்டப்படும் கரும்பில் வெட்டுவாய்கள் அதிகம் என்பதால், அதை முழுத்தட்டையைவிட விரைவாக அரைத்தாக வேண்டும். இதே டெக்ஸ்ட்ரானைச் சுத்திகரித்து, 40,000 அல்லது 70,000 மூலக்கூறு எடைக்குக் குறைத்து, இரத்த இழப்புக்கு உள்ளான நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றும் முறை 1940களில் ஸ்வீடனில் உருவாயிற்று.

கேள்வி: குழந்தைகளின் பல் சொத்தைக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஆம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் வாய்ப் பாக்டீரியாவிடம் இதே குடும்பத்து நொதிகள் இருக்கின்றன. அவற்றுள் சில, குளுக்கோஸை வேறு இடத்தில் பிணைத்து, தண்ணீரில் கரையாத சங்கிலிகளைக் கட்டுகின்றன. வாய் கொப்பளித்தாலும் போகாமல் பல்லில் ஒட்டும் அந்தப் படலத்துக்குள் பாக்டீரியாக்கள் குடியிருந்து, சர்க்கரையை அமிலமாக்கி எனாமலை அரிக்கின்றன. சோற்று மாவுச்சத்திலிருந்து இந்த நொதியால் அவற்றைக் கட்ட முடியாது. அதற்குச் சுக்ரோஸே வேண்டும். ஆகவே எவ்வளவு மிட்டாய் என்பதோடு, ஒரு நாளில் எத்தனை முறை என்பதையும் கவனியுங்கள்.